லினக்ஸ் மின்ட் போடும்போது கணினி உறைந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்

உப்புக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி. வீட்டில் இருப்பது 2014இல் அசெம்பிள் செய்த பெட்டி. இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த ப்ராசசரை ஏற்காது. பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லை. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டி, லினக்ஸ் மின்ட் 22 (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம், அதாவது ஓஎஸ்) போடலாம் என்று உட்கார்ந்தேன்.

பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, டெஸ்க்டாப்பும் வருகிறது. நிறுவத் தொடங்கினால் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் அசையாது, கடிகாரம் ஓடாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை கோப்புகளை நகலெடுக்கும்போது நின்றது. அடுத்த முறை பார்ட்டிஷன் பக்கத்திலேயே நின்றது. இன்னொரு முறை எல்லாம் முடியப்போகிறது என்று நிம்மதியாக டீ போடப் போனேன், திரும்பி வந்தால் அங்கேயும் நின்றிருந்தது. வேறு பென்டிரைவில் எழுதிப் பார்த்தும் அதே கதைதான்.

பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 10 இன்னும் ஓடுகிறது. சர்வீஸ் கடையில் கேட்டேன். "ராம் போயிருக்கும், புதுசா ரெண்டு வாங்கிப் போட்டுருங்க" என்றார்கள். பழைய பெட்டிக்கு இன்னும் செலவு செய்யும் முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

விண்டோஸ் நன்றாகத்தான் ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன, குற்றவாளி லினக்ஸ்தான். கேஸ் முடிந்தது. 😀

பெங்குவின்பித்தன் எழுதியது:

கடைசிபெஞ்ச், இந்த வேலையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று, முதலில் அது நிஜமாகவே உறைகிறதா, திரை மட்டும் நிற்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நின்றதும் கீபோர்டில் கேப்ஸ்லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கெர்னல், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதி, உயிரோடு இருக்கிறது, காட்சிப் பகுதி மட்டும் சிக்கியிருக்கிறது. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே சூடோ என்ற சொல்லை முன்னால் சேர்த்து டிமெசேஜ் கட்டளை, அதாவது டி-எம்-இ-எஸ்-ஜி, கொடுத்தால் கெர்னல் கடைசியாக என்ன புலம்பியது என்று தெரியும். விளக்கு அசையவே இல்லை என்றால் மொத்தமாக நின்றுவிட்டது என்று பொருள்.

இன்னொன்று, பூட் மெனுவில் முதல் வரியில் நின்று இ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் க்வயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்தினால், மின்ட் இலச்சினைக்குப் பதிலாக உள்ளே நடப்பதெல்லாம் வரிவரியாகத் திரையில் ஓடும். எங்கே நிற்கிறதோ அந்த வரியை போனில் படம் எடுத்துப் போடுங்கள்.

லேப்டீச்சர் எழுதியது:

பள்ளி ஆய்வகத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உபுண்டு வகை நிறுவி, மின்டுடையதும் அதுதான், இணையம் இருந்தால் மொழிக் கோப்புகளையும் புதுப்பிப்புகளையும் அந்த நேரத்திலேயே இறக்கப் பார்க்கும். இணையம் மெதுவாக இருந்தால் பட்டை ஒரே இடத்தில் நிற்கும். பார்ப்பவர்களுக்கு ஹேங் ஆன மாதிரிதான் தெரியும். பிள்ளைகள் பொறுமை இழந்து ரீஸ்டார்ட் அழுத்திவிடுவார்கள். லேன் கேபிளைக் கழற்றிவிட்டு, வைஃபையும் இணைக்காமல் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

ஆனால் உங்களுக்கு மவுஸே அசையவில்லை என்கிறீர்கள். எனவே இது அதுவாக இருக்காது. இருந்தாலும் கேபிளைக் கழற்றிவிட்டே முயலுங்கள், ஒரு சந்தேகம் குறையும்.

சால்டரிங் எழுதியது:

இருபது வருடமாக போர்டு சர்வீஸ் பார்க்கிறேன், கோவையில். தம்பி எழுதியதில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு வரி இருக்கிறது. "ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்." பாதி நோய் அதிலேயே தெரிகிறது.

ஒரே சதவீதத்தில், ஒரே கோப்பில், ஒரே திரையில் நின்றால் நான் முதலில் பென்டிரைவ், இறக்கிய ஐஎஸ்ஓ (ஓஎஸ் முழுதும் அடங்கிய கோப்பு), டிஸ்கில் கெட்ட செக்டார், ஏதாவது டிரைவர் என்று தேடுவேன். அவை எல்லாம் இடம் மாறாத பொருட்கள். கெட்ட கோப்பு நேற்றும் அதே இடத்தில்தான் கெட்டிருந்தது, இன்றும் அங்கேதான் கெட்டிருக்கும். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் ராம், எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தருவது), சூடு, லூஸ் கனெக்‌ஷன் பக்கம் போக வேண்டும்.

ராம் வாங்காதீர்கள், இப்போதைக்கு. கடைக்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் சொன்னது.

மூன்று கேள்வி. ஒன்று, பயாஸில் (ஓஎஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) ப்ராசசர் சூடு எவ்வளவு காட்டுகிறது? இரண்டு, எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு வந்ததா, தனியாக வாங்கியதா? மூன்று, விண்டோஸ் "ஓடுகிறது" என்றால் எப்படி ஓடுகிறது? ஒரு வம்பும் இல்லாமலா?

நீலத்திரை எழுதியது:

நான் விண்டோஸ்காரன்தான், ஆனாலும் ஒரு யோசனை. விண்டோஸ் 10 நிறுவியை ஒரு பென்டிரைவில் எழுதி, அந்தப் புது எஸ்எஸ்டியிலேயே போட்டுப் பாருங்கள். வைத்துக்கொள்வதற்கு இல்லை, சோதனைக்கு. அதுவும் நின்றால் லினக்ஸ் மேல் பழி போட முடியாது. பழைய டிஸ்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள், தப்பித்தவறி அதை ஃபார்மட் அடித்துவிடக் கூடாது.

விண்டோஸ் நிறுவி நடுவில் முரண்டு பிடித்தால் ஷிஃப்ட், எஃப்10 அழுத்துங்கள், கமாண்ட் பெட்டி திறக்கும். அது திறந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பேந்தர் என்ற ஃபோல்டரில் செட்டப்ஆக்ட் என்று ஒரு லாக் கோப்பு இருக்கும், கடைசி வரிகளைப் பாருங்கள். டிஸ்க் பிரச்சினை பெரும்பாலும் அதில் மாட்டிக்கொள்ளும்.

மெக்கானிக்கல்_ராஜா எழுதியது:

எனக்கும் இதே பிரச்சினை!! கேமிங் லேப்டாப், உபுண்டு பென்டிரைவ் போட்டால் இலச்சினை வரும், அப்புறம் கறுப்புத் திரை, அவ்வளவுதான். எப்போதும் அதே இடம். என்விடியா கார்டு. யாராவது உதவுங்கள்.

பெங்குவின்பித்தன் எழுதியது:

ராஜா, நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், "எப்போதும் அதே இடம்". உங்களுடையது வேறு நோய். என்விடியா கார்டுகளுக்கு லினக்ஸ் கெர்னலில் உள்ள நூவோ என்ற திறந்தமூல டிரைவர் சில கார்டுகளோடு ஒத்துப்போகாது. மேலே சொன்ன அதே இடத்தில் க்வயட், ஸ்பிளாஷ் இரண்டுக்கும் பதிலாக நோமோட்செட் என்று ஒரே சொல்லாகப் போடுங்கள். உபுண்டு மெனுவில் சேஃப் கிராபிக்ஸ், மின்ட் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதும் இதையேதான் செய்கிறது. நிறுவி முடித்ததும் என்விடியாவின் சொந்த டிரைவரைப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

இதே போல் தெரிந்த வியாதிகள் இன்னும் உண்டு. 2013ஐ ஒட்டி வந்த பே டிரெயில் ரக இன்டெல் சிப் உள்ள சின்ன லேப்டாப்கள் லினக்ஸில் சும்மா இருக்கும்போதே உறையும். அவற்றுக்கு இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 என்ற அளவுருவைக் கொடுத்துத்தான் எல்லோரும் ஓட்டினார்கள். முதல் தலைமுறை ரைசனிலும் வேலை இல்லாமல் சும்மா இருக்கும் நேரத்தில் உறைவது உண்டு, அதற்கு பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்ற வேண்டும். உப்புக்காற்றின் 4ஆம் தலைமுறை ஐ5 இந்தப் பட்டியல் எதிலும் வராது.

மெக்கானிக்கல்_ராஜா எழுதியது:

நோமோட்செட் வேலை செய்தது. தெய்வமே!

உப்புக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பயாஸில் சூடு 45 டிகிரிக்குப் பக்கம் நிற்கிறது, ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. எஸ்எம்பிஎஸ் தனியாக வாங்கியது, 450 வாட். கேப்ஸ்லாக் விளக்கு அசையவில்லை, முழு உறைவுதான். நீலத்திரை சொன்னபடி விண்டோஸ் 10 நிறுவியையும் ஓட்டினேன். கோப்புகளை விரிக்கும் கட்டத்தில் ஒருமுறை பிழை காட்டி நின்றது, மறுமுறை வேறு சதவீதத்தில் வேறு பிழை எண்.

சால்டரிங் அண்ணா கேட்ட மூன்றாவது கேள்வி. யோசித்துப் பார்த்தால் வம்பு இருந்திருக்கிறது. மழைக்காலம் முழுக்கப் பெட்டியை மூடித்தான் வைத்திருந்தோம். அதற்குப் பிறகு பிரவுசர் டேப் அவ்வப்போது தானாகச் செத்துப்போகும். பெரிய ஜிப் கோப்பை விரித்தால் சில நேரம் கரப்ட் என்று சொல்லும், திரும்ப விரித்தால் விரிந்துவிடும்.

க்வயட், ஸ்பிளாஷ் இல்லாமல் ஓட்டியதில் நிற்பதற்குச் சற்று முன் வந்த வரி: ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர், டீகம்ப்ரஷன் ஃபெயில்ட், டேட்டா ப்ராபப்ளி கரப்ட்.

பெங்குவின்பித்தன் எழுதியது:

ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது பென்டிரைவில் முழு மின்டையும் சுருக்கி வைத்திருக்கும் ஒற்றைக் கோப்பின் வடிவம். அதை விரிக்க முடியவில்லை என்றால் ஐஎஸ்ஓ பழுதாக இறங்கியிருக்கலாம், அல்லது பென்டிரைவ் மட்டமானது. எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண்ணை, அதாவது கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் எண்ணை, மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

லேப்டீச்சர் எழுதியது:

பென்டிரைவ் விஷயத்தில் ஒன்று. 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8தான் இருக்கும். கணினியும் 64 என்றே காட்டும். 8க்கு மேல் எழுதியது எல்லாம் காற்றில் போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்று இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன, முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். ஆய்வகத்துக்கு வாங்கிய ஒரு கட்டு பென்டிரைவில் பாதி இப்படி மாட்டியது.

சால்டரிங் எழுதியது:

பித்தன், கோபிக்க வேண்டாம், இந்த இடத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். இரண்டு பென்டிரைவ், இரண்டு ஓஎஸ், எல்லாம் விரிக்கும் கட்டத்தில் தடுக்கி விழுகிறது. மறுபக்கம் ஜிப் கோப்பு ஒருமுறை கரப்ட், மறுமுறை சரி. கோப்பு உண்மையில் கெட்டிருந்தால் மறுமுறை எப்படி விரியும்?

சுருக்கிய தரவை விரிப்பது ராமுக்கு வைக்கும் கடுமையான பரீட்சை. சாதாரணப் படத்தில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. சுருக்கிய கோப்பில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குப்பை. லைவ் பென்டிரைவில், அதாவது நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓஎஸ் ஓடும்போது, எழுதுவதெல்லாம் ராமில்தான் போய் உட்காருகிறது, படித்த கோப்பையெல்லாம் கெர்னல் மிச்ச ராமில் சேர்த்து வைக்கிறது. விண்டோஸில் நாலு டேப் திறந்து செய்தி படிப்பவருக்குத் தொடாமலே இருந்த மூலை முடுக்கெல்லாம் இங்கே நிரம்பிவிடும். "விண்டோஸ் ஓடுது, இன்ஸ்டால் மட்டும் ஆகலை" என்று வரும் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

ஒரு சின்ன சோதனை. ஐஎஸ்ஓ கோப்பு பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது அல்லவா? லைவ் மின்டில் பூட் செய்து, அந்தக் கோப்புக்கு எஸ்எச்ஏ256 எண் எடுங்கள். ரீஸ்டார்ட் செய்து திரும்ப எடுங்கள். நடுவில் ரீஸ்டார்ட் கட்டாயம், இல்லாவிட்டால் ராமில் சேர்த்து வைத்த நகலையே திரும்பப் படித்து அதே எண்ணைக் காட்டும். தொடாத கோப்புக்கு எண் மாறக் கூடாது. மாறினால் கோப்பு குற்றவாளி இல்லை, படிக்கிறவன் குற்றவாளி.

நீலத்திரை எழுதியது:

விரிக்கும்போது தெரியும் கோளாறு ராமால் மட்டும் வருவதில்லை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்களில் வோல்டேஜ் சிக்கல் வந்ததே, அதிலும் கேம், டிரைவர் இவற்றையெல்லாம் விரித்து நிறுவும் நேரத்தில்தான் பலருக்குப் பிழை தெரிந்தது. 2024 ஆகஸ்டில் ப்ராசசருக்கான மைக்ரோகோட் திருத்தம் விட்டார்கள், வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். இந்தப் பெட்டிக்கு அது பொருந்தாது, தேடி வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். டிடிஆர்4, டிடிஆர்5 வைத்திருப்பவர்கள் எக்ஸ்எம்பியை (ராமை அதன் கூடுதல் வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) அணைத்துவிட்டு ஓஎஸ் போட்டுப் பாருங்கள். ராம் டப்பாவில் அச்சிட்ட வேகத்தை எல்லா போர்டும் தாங்குவதில்லை.

உப்புக்காற்று எழுதியது:

எண் மாறுகிறது! முதல்முறை எடுத்தபோது தளத்தில் இருப்பதோடு பொருந்தியது. ரீஸ்டார்ட் செய்து எடுத்தால் முற்றிலும் வேறு எண்.

பெங்குவின்பித்தன் எழுதியது:

சரி, தோற்றேன். 🙂 சால்டரிங் சொன்னதுதான். இனி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+. 6ஆம் பதிப்புக்குப் பிறகு யூஈஎஃப்ஐ என்ற புதுவகை பயாஸிலும் பூட் ஆகும், இலவசம். பெயரில் கூட்டல் குறி இல்லாமல் மெம்டெஸ்ட்86 என்று வேறொன்று இருக்கிறது, அதன் இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நிறுத்திவிடும். எதை எடுத்தாலும் பரவாயில்லை. பென்டிரைவில் வென்டாய் என்ற கருவியைப் போட்டு வைத்தால் மின்ட் ஐஎஸ்ஓ, மெம்டெஸ்ட் ஐஎஸ்ஓ இரண்டையும் அப்படியே நகலெடுத்துப் போட்டு எது வேண்டுமோ அதில் பூட் ஆகலாம்.

உப்புக்காற்று எழுதியது:

ஓட்டிவிட்டேன். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் கொட்டுகின்றன. முகவரி பெரும்பாலும் 5 ஜிபிக்குச் சற்று மேலே காட்டுகிறது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

5 ஜிபி என்றால் 4ஐத் தாண்டிவிட்டது, ஆக இரண்டாவது ராம்தான் செத்தது. தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றை வாங்குங்கள். பாதிச் செலவு மிச்சம். இந்தத் தடவை நானும் உருப்படியாகத்தான் பேசுகிறேன்.

சால்டரிங் எழுதியது:

கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் போர்டு அப்படி எண்ணாது. ஒரே அளவு ராம் இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் டூயல் சேனலில் ஓடும். முகவரிகளை முதல் ராமுக்குக் கொஞ்சம், இரண்டாவதுக்குக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பங்கு வைக்கும். 5 ஜிபி என்ற முகவரி எந்த ராமில் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தம்பி, ராம் இரண்டுக்கும் ஸ்கெட்ச் பேனாவால் அ, ஆ என்று குறி போடுங்கள். அ ராமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு மெம்டெஸ்ட். அப்புறம் அதையே இரண்டாவது ஸ்லாட்டில். அப்புறம் ஆ ராமுக்கும் அதே மாதிரி. நாலு சோதனை, ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு முழு பாஸ், அதாவது ஒரு முழுச் சுற்று, போகட்டும். பொறுமை வேண்டும், ஆனால் விடை சந்தேகமில்லாமல் வரும். ஒவ்வொரு முறையும் பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைக் காலி செய்துவிட்டு, கேபினெட்டின் வெறும் தகரத்தைத் தொட்டுவிட்டு ராமில் கை வையுங்கள்.

லேப்டீச்சர் எழுதியது:

ஒரு பாஸ் போதுமா? நாங்கள் இரவு முழுக்க ஓட விடுவோம்.

சால்டரிங் எழுதியது:

பிழை வருகிறதா என்று தெரிய ஒன்று போதும், இவருக்குத்தான் சில நிமிடத்திலேயே கொட்டுகிறதே. பிழை இல்லை என்று சத்தியம் செய்யத்தான் இரவு முழுக்க வேண்டும். சில ராம் நன்றாகச் சூடேறிய பிறகே வாயைத் திறக்கும். கடைசியில் அதையும் செய்யச் சொல்லப்போகிறேன்.

உப்புக்காற்று எழுதியது:

விடை வந்துவிட்டது, எனக்கே நம்ப முடியவில்லை. அ ராம் முதல் ஸ்லாட்டில் சுத்தம். ஆ ராமும் முதல் ஸ்லாட்டில் சுத்தம். இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் சிவப்பு.

ராம் இரண்டும் நல்ல ராம்! கடைக்காரர் சொன்னபடி புதிதாக இரண்டு வாங்கிப் போட்டிருந்தாலும் இதே பாட்டுத்தான் பாடியிருக்கும்.

நீலத்திரை எழுதியது:

அப்புறம் "லினக்ஸ் செட் ஆகலை, ராமும் செட் ஆகலை, போர்டை மாத்திருங்க" என்று சொல்லியிருப்பார்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் எச்81 போர்டு இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம், சென்னை ரிச்சி தெருவில் பழையது தேட வேண்டும்.

சால்டரிங் எழுதியது:

கடைக்காரரையும் ரொம்பக் குறை சொல்ல வேண்டாம். பழைய பெட்டிக்கு நாலு சோதனை ஓட்டி அரை நாள் செலவழித்து, கூலி கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பொருளை மாற்றினால்தான் காசு.

இப்போது ஸ்லாட். டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தூசி, பூச்சி முட்டை, பின்னில் பச்சை அல்லது கறுப்பு ஏதாவது தெரிகிறதா? கடலோரப் பெட்டிகளில் உப்பு ஈரம் வேலையைக் காட்டும். பின்னுக்குத் தங்க முலாம் இருந்தாலும் மிக மெல்லியது, அதில் உள்ள நுண்துளை வழியாக அடியில் உள்ள செம்பு அரித்து மேலே வரும். மழைக்காலம் முழுக்க ஓடாமல் மூடி வைத்திருந்தோம் என்றீர்களே, ஓடுகிற பெட்டியாவது தன் சூட்டில் உலர்ந்திருக்கும்.

உப்புக்காற்று எழுதியது:

இரண்டாவது ஸ்லாட்டின் ஒரு முனையில் நாலைந்து பின் மங்கலாக, லேசாகப் பச்சை படிந்த மாதிரி இருக்கிறது. முதல் ஸ்லாட் பளிச்சென்று இருக்கிறது.

கடைசிபெஞ்ச் எழுதியது:

ரப்பர் எடுத்துத் தேய்த்துவிடுங்கள், எங்கள் தெரு சர்வீஸ் அண்ணன் எல்லாவற்றுக்கும் அதைத்தான் செய்வார்.

சால்டரிங் எழுதியது:

ரப்பர் ராமின் விளிம்புக்குத்தான், ஸ்லாட்டுக்குள் ரப்பர் போகாது. ராமுக்கும் நான் இப்போது பரிந்துரைப்பதில்லை. அழிப்பானில் அரைக்கும் துகள் கலந்திருக்கிறது, ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்க முலாம் கொஞ்சம் போகும். இன்று சரியாகும், அடுத்த வருடம் இன்னும் சீக்கிரம் கறுக்கும். துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது தனித் தலைவலி.

மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், சிலவற்றில் எண்ணெய் வகை ஏதாவது சேர்த்திருப்பார்கள், பிசுக்குப் படியும். முதலில் ப்ளோயர் அடித்துத் தூசியை எடுங்கள். மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷை ஐபிஏவில் நனைத்து, ஸ்லாட்டின் நீளவாக்கில் பின் வளையாமல் மெதுவாகத் துடையுங்கள். பிறகு ராமின் விளிம்பிலும் லேசாகத் தடவி, அதே ஸ்லாட்டில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, சில முறை செய்யுங்கள். உரசலிலேயே பின் சுத்தமாகும். நன்றாக உலர்ந்த பிறகுதான் கரன்ட் கொடுக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கிட்டவே கொண்டு போகாதீர்கள், அசிட்டோன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

இதற்கும் மசியவில்லை என்றால் அந்த ஸ்லாட்டை மறந்துவிட்டு, முதல் ஸ்லாட்டில் 8 ஜிபி ஒற்றை ராம் போட்டுக்கொள்ளலாம். டூயல் சேனல் போகும். மின்டுக்கு அதுவே தாராளம்.

உப்புக்காற்று எழுதியது:

செய்துவிட்டேன். பச்சை போய்விட்டது. பிரஷ் நுனி சாம்பல் நிறமாகிவிட்டது, அவ்வளவு அழுக்கு. இரண்டாவது ஸ்லாட்டில் தனியாக ஓட்டினேன், சிவப்பு இல்லை. இரண்டு ராமையும் போட்டு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன். காலையில் பிழை எண்ணிக்கை 0.

அப்புறம் மின்ட் போட்டேன். ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இந்தப் பதிவை அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

பெங்குவின்பித்தன் எழுதியது:

வாழ்த்துகள்! இன்னும் ஒரே ஒரு வேலை. புது எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைப்பது) மின்டின் டிஸ்க்ஸ் செயலியில் பாருங்கள். 199 என்ற எண்ணில் சிஆர்சி பிழைக் கணக்கு, அதாவது கேபிள் வழியே தரவு கெட்டு வந்த தடவைகள், இருக்கும். அது ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளில் கோளாறு, டிஸ்கில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் 5, 197 இரண்டையும் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டாரும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டாரும் அங்கே தெரியும். சுழியமாக இருந்தால் நல்லது.

சால்டரிங் எழுதியது:

தம்பி, கொண்டாடுவதற்கு முன் ஒன்று. ஸ்லாட் கெட்டிருந்த காலத்தில் இந்தப் பெட்டியில் ஏதாவது பேக்கப் எடுத்தீர்களா? போனிலிருந்து படம் இறக்கி, எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு வைத்தது மாதிரி? அந்த நேரத்தில் நகலெடுத்த கோப்பெல்லாம் அந்தக் கெட்ட ஸ்லாட் வழியாகத்தான் போயிருக்கும். டிஸ்க் தனக்கு வந்ததை அப்படியே எழுதிவைக்கும், வந்ததே தப்பு என்று அதற்குத் தெரியாது. அளவு சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், திறந்தால்தான் பாதிப் படம் சாம்பலாக வரும். மூலக் கோப்பு போனில் இன்னும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். திரும்பவும் நகலெடுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

நல்ல வேளை சொன்னீர்கள் அண்ணா. அக்கா மகளின் சடங்குப் படங்கள் அப்போதுதான் இறக்கினேன். திறந்து பார்த்ததில் சில படம் கீழ்ப்பாதி வண்ணம் மாறிக் கிடக்கிறது. போனில் எல்லாம் இருக்கிறது, இப்போது திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

நெசவாளி எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு என் லேப்டாப்பிலும் மெம்டெஸ்ட் ஓட்டினேன். எப்போதும் ஒரே சின்ன முகவரிப் பகுதியில் மட்டும் பிழை காட்டுகிறது. ராம் போர்டிலேயே பற்றவைத்தது, கழற்ற முடியாது. இதற்கு என்ன செய்ய?

பெங்குவின்பித்தன் எழுதியது:

பிழை அந்தச் சின்னப் பகுதியைத் தாண்டாமல் நின்றால், அந்த இடத்தைத் தொடாதே என்று ஓஎஸ்ஸிடம் சொல்லிவிடலாம். லினக்ஸில் கெர்னலுக்கு மெம்மேப் என்ற அளவுரு இருக்கிறது. எவ்வளவு, எங்கிருந்து என்று கொடுத்தால் அந்தப் பகுதியை ஒதுக்கி வைத்துவிடும். அளவுக்கும் முகவரிக்கும் நடுவில் டாலர் குறி வரும், க்ரப் (லினக்ஸைப் பூட் செய்யும் நிரல்) அமைப்புக் கோப்பில் எழுதும்போது அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடுகள் போடாவிட்டால் க்ரப் அதை விழுங்கிவிடும். எழுதிய பிறகு கெர்னல் கட்டளை வரியைத் திறந்து டாலர் குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிழை காட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் சில எம்பி கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

நீலத்திரை எழுதியது:

விண்டோஸிலும் உண்டு. பிசிடிஎடிட் என்ற பூட் அமைப்புக் கட்டளையில் பேட்மெமரிலிஸ்ட் என்று கெட்ட இடங்களின் பட்டியல். முகவரியை பைட்டாகக் கொடுக்கக் கூடாது, 4096ஆல் வகுத்துப் பக்க எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

சால்டரிங் எழுதியது:

இரண்டும் ஒட்டுப்போடுவதுதான். மாதம் ஒருமுறை மெம்டெஸ்ட் ஓட்டி, முகவரிகளை எழுதி வையுங்கள். பரப்பு பெரிதாகிக்கொண்டே போனால் சிப்பை மாற்றியாக வேண்டும். பற்றவைத்த சிப்பைக் கழற்றி மாட்டும் பிஜிஏ ரீவொர்க் மெஷின் இருக்கும் கடையில்தான் முடியும். வாரன்டி மிச்சம் இருந்தால் அதற்குள் கொண்டு போய்விடுங்கள்.